'தி அன்டேம்ட்' பார்த்து ஏமாந்தவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் கேட்டது என் சித்தி பெண். அப்புறம் அவளுடைய ஹாஸ்டல் தோழிகள். அப்புறம் ஆபீஸில் பக்கத்து சீட். எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள்: "தப்பா நினைக்காதீங்கக்கா, எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க, ஆனா எனக்கு…" அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதை எல்லாம் கீழே திரட்டியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். பாதிக்கு மேல் போனால் கதையின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் வெளிவந்துவிடும். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் ஐந்தாவது கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அக்கா, இது என்ன கதை? எதுக்கு இவ்வளவு கொண்டாடறாங்க?

2019 ஜூன் கடைசியில் டென்சென்ட் வீடியோவில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்த 50 எபிசோட் சீனத் தொடர். சீனத்தில் இதன் பெயர் 'சென்சிங் லிங்'. சென்சிங் என்பது நாயகன் வைத்திருக்கும் புல்லாங்குழலின் பெயர். மோ ஷியாங் தோங் ஷியூ என்ற புனைபெயரில் எழுதுபவர் 2015இல் இணையத்தில் தொடராக எழுத ஆரம்பித்த 'மோ தாவ் சூ ஷி' நாவல்தான் மூலம்.

தவம், மந்திரம், வாள்மேல் பறப்பது, பேயோட்டுவது எல்லாம் கலந்த இந்த வகைக்கு ஷியான்ஷியா என்று பெயர். ஐந்து பெரிய குலங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் வளர்ந்த துடுக்குப் பையன் வெய் வூஷியான், விறைப்பான ஒழுங்குக்குப் பேர்போன லான் குலத்துப் பையன் லான் வாங்ஜி, இந்த இருவர்தான் கதை. முன்னவராக ஷியாவ் ஜான், பின்னவராக வாங் யிபோ. இந்தத் தொடருக்குப் பிறகு இருவரும் சீனாவின் மிகப் பெரிய நட்சத்திரங்கள் ஆகிவிட்டார்கள். கொண்டாட்டத்தில் பாதி அவர்களுக்கு. மீதிப் பாதி எதற்கு என்பது போகப் போகத் தெரியும்.

ரெண்டு எபிசோட் பார்த்தேன், தலையும் புரியல வாலும் புரியல. விட்டுடலாமா?

முதல் இரண்டு எபிசோட் யாருக்குமே புரியாது. கதை நடுவில் ஆரம்பிக்கிறது. நாயகன் மலையுச்சியிலிருந்து விழுகிறான், 16 வருடம் கழித்து வேறொருவர் வீட்டில் கண் விழிக்கிறான், யார் யாரோ வந்து போகிறார்கள். மூன்றாவது எபிசோடில் பள்ளிப் பருவத்துக்குப் பின்னோக்கிப் போகும் கதை 33ஆம் எபிசோடு வரை திரும்பி வராது. முப்பது எபிசோட் நீளத்துக்கு ஒரு பிளாஷ்பேக்! நம் ஊர் சீரியல்காரர்கள்கூட இவ்வளவு துணிந்ததில்லை.

நான் எல்லோருக்கும் சொல்வது: முதல் இரண்டையும் சும்மா ஓட விடுங்கள், எதையும் பிடித்துவைக்க முயலாதீர்கள். இரண்டாவது எபிசோடில் மலையில் அவன் ஒரு மூங்கிலை வெட்டி, குழலாக்கி, ஒரு மெட்டு வாசிப்பான். லான் வாங்ஜி பின்னாலிருந்து வந்து மணிக்கட்டைப் பிடிப்பார். அதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த மெட்டு எது, அதைக் கேட்டதும் அவர் ஏன் அப்படிப் பிடித்தார் என்று தெரிய வரும்போது, திரும்பப் போய் அதே காட்சியை இன்னொரு முறை பார்ப்பீர்கள். பத்து எபிசோட் வரை பொறுத்தும் ஒட்டவில்லையென்றால் தாராளமாக விட்டுவிடலாம். ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஒரே ஆளை மூணு பேர்ல கூப்பிடறாங்க. யாரு யாருன்னே தெரியலையே?

பிறந்ததும் வைத்த பெயர் ஒன்று, வயதுக்கு வந்ததும் வைக்கும் மரியாதைப் பெயர் ஒன்று, புகழால் வந்த பட்டப்பெயர் ஒன்று. லான் ஜான், லான் வாங்ஜி, ஹான்குவாங்-ஜுன் மூன்றும் ஒரே ஆள். வெய் யிங், வெய் வூஷியான், யிலிங் லாவ்சூ இதுவும் ஒரே ஆள். அருள்மொழிவர்மனும் ராஜராஜனும் ஒருவர்தான் என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொள்கிற நமக்கு இது பெரிய கஷ்டமில்லை. பிரச்சினை ஆங்கில சப்டைட்டிலில்தான். வேகமாக ஓடுகிற ரோமன் எழுத்தில் எல்லாப் பெயரும் ஒன்று போலவே தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். பிறந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட எல்லோருக்கும் உரிமை கிடையாது. வெய் வூஷியான் ஆரம்பத்திலேயே "லான் ஜான்! லான் ஜான்!" என்று கத்துவது சுத்தத் திமிர். லான் வாங்ஜி கடைசிவரை "வெய் யிங்" என்றே கூப்பிடுவதற்கு வேறு அர்த்தம். யார் யாரை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

வாய் ஒரு பக்கம் போகுது, குரல் ஒரு பக்கம் வருது. நான் பார்த்தது டப்பிங் காப்பியா?

இல்லை, நீங்கள் பார்த்தது அசல்தான். சீன வரலாற்று, மாயாஜாலத் தொடர்களில் பெரும்பாலும் நடிகர் ஒருவர், குரல் இன்னொருவர். இதில் ஷியாவ் ஜானுக்குப் பேசியது லூ ஷிஷிங், வாங் யிபோவுக்கு பியான் ஜியாங். 2017இல் வந்த 'எட்டர்னல் லவ்' தொடரின் நாயகன் யெ ஹுவாவுக்கும் இதே பியான் ஜியாங்தான் குரல். இரண்டு தொடரையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு "இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே" என்று மண்டையைக் குடைந்துகொண்டவர்களில் நானும் ஒருத்தி.

ஜெஜியாங் மாகாணத்தில் ஹெங்தியான் என்ற ஊரில் ஒரு பிரம்மாண்ட ஸ்டூடியோ இருக்கிறது. அரண்மனைகளையே முழு அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் பல படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் குரலைச் சுத்தமாகப் பதிவு செய்வது சிரமம். நடிகர்களின் வட்டார உச்சரிப்பு இன்னொரு காரணம். மூன்றாவது காரணம்தான் முக்கியமானது: படம் எடுத்து முடித்தபின் தணிக்கைக்காக வசனத்தை மாற்ற வேண்டி வந்தால், டப்பிங்கில் மாற்றிவிடலாம். வாயசைவு பொருந்தாத இடங்களில் ஒருவேளை வேறு வசனம் இருந்திருக்கும். ஒருவேளைதான்.

கிராபிக்ஸ் ஏன் இவ்வளவு மட்டமா இருக்கு?

மட்டமாகத்தான் இருக்கிறது, இதில் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. குகைக்குள் வருகிற அந்த ராட்சத ஆமையைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். பயப்பட வேண்டிய இடம் அது. 50 எபிசோடுக்குப் பணத்தைப் பிரித்தால் ஆமைக்கு அவ்வளவுதான் மிஞ்சியிருக்கும் போல.

ஆனால் உடை, முடி அலங்காரம், குய்ஜோவிலும் ஹெங்தியானிலும் எடுத்த வெளிப்புறக் காட்சிகள் இவற்றில் கஞ்சத்தனம் தெரியாது. லான் குலத்தார் நெற்றியில் கட்டும் வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். எத்தனை சண்டையிலும் கோணாமல் நிற்கும். அது கோணும் இடங்கள் சொற்பம், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கும். கிராபிக்ஸுக்காகப் பார்க்க வந்தவர்களுக்கு இந்தத் தொடரில் ஒன்றுமே இல்லை.

பேய்க்கதைன்னு சொல்லித்தானே பார்க்க வச்சீங்க? பேயே காணோமே?

நாவலில் இருக்கிறது. அங்கே வெய் வூஷியான் குழல் ஊதிப் பிணங்களை எழுப்புகிறான். சீனத் தொலைக்காட்சியில் அப்படிக் காட்ட முடியாது. மூடநம்பிக்கையைப் பரப்பக் கூடாது என்பது அங்கே நெடுநாளைய விதி. பிணம் எழுவதும் மறுபிறவியும் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் பிணங்களை எல்லாம் 'பொம்மைகள்' ஆக்கிவிட்டார்கள். யாரோ மந்திரத்தால் ஆட்டிவைக்கும் மனிதர்கள், அவ்வளவுதான். முகத்தில் கறுப்பு நரம்பு வரைந்துகொண்டு நடக்கிறார்கள்.

'கூடு விட்டுக் கூடு பாய்வது' விஷயத்திலும் இதே கதைதான். நாவலில் செத்துப்போன நாயகன் மோ ஷுவான்யூ என்ற வேறொருவனின் உடலில் வருகிறான். முகமே வேறு. தொடரில் அதே ஷியாவ் ஜான், அதே முகம், மேலே ஒரு பாதி முகமூடி. அதைப் பார்த்து ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை என்றால் நம்ப முடிகிறதா? எனக்கு முடியவில்லை.

உலகமே இதைக் காதல் கதைன்னு சொல்லுது. 50 எபிசோட் பார்த்தேன், காதல் எங்கக்கா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நாவல் வெளிப்படையாகவே இரண்டு ஆண்களின் காதல் கதை. 2016இல் வெளியில் தெரியவந்த சீனத் தொலைக்காட்சி விதிமுறைகள் ஒருபாலுறவைக் காட்டக் கூடாது என்றன. அடுத்த ஆண்டே இணையத் தொடர்களுக்கும் அதே கட்டுப்பாடு. அந்த 2016 பிப்ரவரியில் 'அடிக்டெட்' என்ற ஒருபாலுறவு இணையத் தொடர் ஓடி முடிவதற்குள்ளேயே தளங்களிலிருந்து நீக்கப்பட்டதை எல்லாத் தயாரிப்பாளர்களும் பார்த்திருந்தார்கள். ஆகவே 'தி அன்டேம்ட்' எடுத்தவர்கள் காதலை எடுத்துவிட்டு, 'ஷிஜி' என்ற பழைய சீனச் சொல்லை வைத்தார்கள். தன்னை உள்ளபடி அறிந்தவன் என்று பொருள். உயிர்த்தோழன் என்று நாம் சொல்வதைவிட ஒரு படி ஆழமானது.

முத்தமும் வசனமும் எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விளம்பரம் செய்தவர்கள் வேறொன்றைச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். இரண்டாவது முறை பார்க்கும்போது நான் வாங் யிபோவின் கண்களை மட்டும் பார்த்தேன். ஒரு கோப்பை மது குடித்தால் சாய்ந்துவிடும் மனிதர், 16 வருடம் ஒருவன் வருவான் என்று காத்துக்கொண்டே இருந்தவர், அதைப் பற்றி வாயால் ஒரு வரி சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்று விதி இருந்ததால் சொல்லாமலே நடிக்க வேண்டி வந்தது.

அப்போ அதை நட்புன்னு எடுத்துக்கணுமா, காதல்னு எடுத்துக்கணுமா?

உங்கள் இஷ்டம். என் அம்மா நட்பு என்றே பார்த்தார், அழுதார். சித்தி பெண் காதல் என்று பார்த்தாள், அவளும் அழுதாள். 2021 செப்டம்பரில் சீன ஒளிபரப்பு ஆணையம் இந்த மாதிரி நாவல்களைத் தொடராக்கும் போக்கையே எதிர்க்கச் சொல்லிவிட்டது. எடுத்து முடித்த சில தொடர்கள் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. இன்று இதைத் தொடராக எடுக்க நினைத்தால் இந்த அளவுக்குக்கூட விட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

50 எபிசோட் ரொம்ப அதிகம். சுருக்கின பதிப்பு இருக்காமே, அது போதாதா?

20 எபிசோடில் ஒரு சிறப்புப் பதிப்பு இருக்கிறது. இரு நாயகர்கள் வரும் காட்சிகளுக்கே முக்கியத்துவம் கொடுத்து வெட்டி ஒட்டியது. முதல் முறை பார்ப்பவர்களுக்கு அதைக் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன குழப்பம் அதில் இரண்டு மடங்கு ஆகிவிடும்.

நீளத்துக்குக் காரணம் வியாபாரம். அப்போது எபிசோட் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு லாபம். இந்தத் தொடரின் கடைசி எபிசோடுகளை, சந்தா கட்டியவர்களுக்கே, எபிசோடுக்கு 6 யுவான் கூடுதலாக வாங்கிக்கொண்டு முன்கூட்டியே காட்டினார்கள். ஆளாளுக்குத் திட்டிய அந்த வழக்கம் 2021 அக்டோபரில் நின்றது. 2020 பிப்ரவரியில் ஒளிபரப்பு ஆணையம் ஒரு தொடர் 40 எபிசோடுக்கு மிஞ்சக் கூடாது என்றது. அதன் பின் வந்த 'லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்' 36, 'டில் தி எண்ட் ஆஃப் தி மூன்' 40 என்று நின்றது அதனால்தான்.

எதைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம் என்று கேட்டால், வென் குலத் தலைவர் வென் ரூஹான் தனியாக உட்கார்ந்து இரும்புத் துண்டை உற்றுப் பார்க்கும் காட்சிகளைத் தள்ளிவிடலாம். மாய சக்தி கொண்ட 'யின் இரும்பு'த் துண்டுகளைத் தேடி அலையும் அந்தக் கதையே நாவலில் கிடையாது.

உங்களுக்கு இதுல எதுதாங்கக்கா ஏமாற்றம்? எல்லாத்துக்கும் சமாதானம் சொல்றீங்களே?

ஆமையையும் முகமூடியையும் மன்னித்துவிட்டேன். ஒன்றை மட்டும் மன்னிக்கவே முடியவில்லை: நாயகனின் குற்றத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நாவலில் சியோங்சி மலைப்பாதையில் வெய் வூஷியான் கட்டுப்பாட்டை இழக்கிறான். அவன் ஆட்டிவைக்கும் வென் நிங்கின் கை அவனுடைய அக்கா புருஷனின் நெஞ்சைத் துளைத்துவிடுகிறது. சதி செய்து அவனை அங்கே சிக்கவைத்தவர்கள் வேறு, ஆனால் அந்தக் கொலை அவன் கையிலிருந்து போனது. "என்னால் அடக்க முடியும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன், அடக்க முடியவில்லை. கடைசியில் அவன் சாவதும் அவன் எழுப்பிய சக்திகள் அவன்மீதே திரும்பியதால்தான். வினை விதைத்தவன் அறுத்த கதை அது, அதனால்தான் மனதைப் பிசைகிறது.

தொடரில் அதே பாதையில் இன்னொரு குழலோசை கேட்கிறது. அட, வேறொருவன் ஊதியிருக்கிறான்! பிற்பாடு அது சூ ஷ என்ற எடுபிடியின் வேலை என்று தெரிய வருகிறது. நைட்லெஸ் சிட்டி என்ற இடத்தில் நடக்கும் படுகொலையிலும் அதே இன்னொரு குழல்தான். நாயகன் கை சுத்தம். அப்புறம் மலையுச்சியில் தொங்குகிறான், லான் வாங்ஜி கையைப் பிடித்திருக்கிறார், அவன் விழுகிறான். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு தப்பும் செய்யாதவன் விழுந்தால் அது அநியாயம், அவ்வளவுதான். தப்பு செய்த நல்லவன் விழுந்தால்தான் நமக்குத் தூக்கம் வராது. தணிக்கைக்குப் பயந்தா, ரசிகர்களுக்குப் பயந்தா ஏன் இப்படி மாற்றினார்கள் என்று ஊகிக்கத்தான் முடியும். நாயகன் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

நாவலோட ஒப்பிடறது நியாயமா? தொடரைத் தொடரா பார்க்க வேண்டாமா?

பார்க்கலாம். நான் தொடரைத்தான் முதலில் பார்த்தேன், நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பிறகுதான் படித்தேன். நாவல் தெரியாமல் பார்த்தபோதே அந்த இன்னொரு குழல் எனக்கு உறுத்தியது. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் அவன் குற்றவாளி என்று கதறுகிறார்கள், கதையோ அவன் நிரபராதி என்று நம் காதில் ஓதுகிறது. அப்படியானால் அவன் எதற்கு இவ்வளவு குற்ற உணர்ச்சியோடு அலைகிறான்?

தொடர் ஜெயித்த இடமும் ஒன்று சொல்ல வேண்டும். வெய் வூஷியானோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன் ஜியாங் செங். அவனுடைய தங்க மணி, அதாவது தவசக்தியின் கரு, ஒருகாலத்தில் எதிரியால் அழிக்கப்பட்டு, அதிசயமாகத் திரும்பக் கிடைத்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. பல ஆண்டு கழித்து வென் நிங் ஒரு வாளை அவன் முன் நீட்டி "உருவிப் பார்" என்கிறான். வெய் வூஷியானின் வாள் அது. சொந்தக்காரன் தவிர யார் இழுத்தாலும் உறையை விட்டு வராது. வாளின் பெயர் சுய்பியான். 'எப்படியோ போ' என்று அர்த்தம், சின்ன வயதில் அலட்சியமாக வைத்த பெயர். ஜியாங் செங் இழுக்கிறான். வாள் வந்துவிடுகிறது. கர்ணன் கவசத்தை அறுத்துக் கொடுத்த மாதிரி, ஒருவன் நினைவோடு இருக்கும்போதே தன் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தது தன்னுள்ளே இருக்கிறது என்று அந்த ஒரு நொடியில் அவனுக்குத் தெரிகிறது. அதில் ஜியாங் செங்காக நடித்த வாங் ஜுவோசெங்கின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் கிராபிக்ஸ் பற்றிப் பேச மாட்டார்கள்.

வில்லன் யாருன்னு முதல்லயே தெரிஞ்சுடுதே?

வென் ரூஹானைச் சொல்கிறீர்களா? அவர் வெறும் பூச்சாண்டி. உண்மையான ஆள் ஜின் குவாங்யாவ். விலைமகளின் மகன் என்று படிக்கட்டில் உதைத்துத் தள்ளப்பட்டவன், சிரித்த முகத்தை ஒருநாளும் கழற்றாதவன். அந்த வேடத்தில் வரும் ஜூ ஸான்ஜின் கன்னத்தில் குழி விழச் சிரிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும். இவனுக்குப் பின்னாலும் ஒருவர் விசிறி வீசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யார் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு குறை சொன்னா போதும், ரசிகைங்க சண்டைக்கு வராங்களே?

வருவார்கள். சீனாவில் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் ஷியாவ் ஜானை வைத்து யாரோ எழுதிய கற்பனைக் கதை பிடிக்காமல், அவருடைய ரசிகர்களில் ஒரு கூட்டம் அதிகாரிகளிடம் புகார் செய்ய, அந்தக் கதை இருந்த ஏஓ3 என்ற ரசிகர் கதைத் தளமே சீனாவில் முடக்கப்பட்டது. வேறு ரசிகர்கள் கொதித்துப்போய் அவர் நடித்த விளம்பரப் பொருள்களைப் புறக்கணித்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் அந்த நடிகர்தான். நம் ஆட்களின் சண்டை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆமையைப் பற்றிச் சொல்லுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

இவ்வளவு ஏமாந்தும் கதை பிடிச்சிருக்கு. அடுத்து என்ன பார்க்கிறது?

அனிமேஷன் வடிவம் இருக்கிறது. 2018இல் தொடங்கி 2021இல் மூன்று சீசனில், மொத்தம் 35 எபிசோடில் முடிந்தது. பேயும் பிணமும் அதில் தொடரைவிட நன்றாக வந்திருக்கின்றன, ஆமை உட்பட. காதல் அதிலும் ஜாடைதான். முழுக்க வேண்டுமென்றால் நாவல்தான் வழி, ஆங்கிலத்தில் ஐந்து பாகங்கள்.

கடைசி சீன்ல ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்களா, சேர்ந்துட்டாங்களா?

லான் வாங்ஜி பெரிய பொறுப்பை ஏற்றுக்கொண்டு ஒரு பக்கம் போகிறார், வெய் வூஷியான் கழுதையை ஓட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் போகிறான். அப்புறம் மலைமேல் நின்று அதே மெட்டை ஊதுகிறான், இரண்டாவது எபிசோடில் ஊதிய அதே மெட்டு. பின்னாலிருந்து "வெய் யிங்" என்று ஒரு குரல். அவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான், படம் நின்றுவிடுகிறது.

எனக்குச் சேர்ந்துவிட்டார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான். சித்தி பெண் மட்டும் "ஆளையே காட்டலையே" என்று இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆளைக் காட்டாததில் ஒரு வசதியும் இருக்கிறது, வாயசைவு பொருந்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.